ஜனவரியில் லிங்கன்: வழிகாட்டியோடு ஒரு வார இறுதி, எடுக்கலாமா?

#1 நாஞ்சில் வாசன்

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து லெஸ்டருக்கு எங்களோடு தங்க வருகிறார்கள். அம்மா பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். லண்டனில் பார்க்க வேண்டியதெல்லாம் போன முறையே பார்த்தாயிற்று. கூட்டம் இல்லாத, பழைய கட்டடங்கள் உள்ள ஓர் ஊருக்குக் கூட்டிப் போ என்கிறார்.

ஒரு பயண நிறுவனம் ஜனவரிக் கடைசியில் இங்கிலாந்தின் கிழக்கே உள்ள லிங்கன் நகருக்கு வார இறுதிப் பயணம் போட்டிருக்கிறது. வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து ஞாயிறு பிற்பகல் கிளம்ப வேண்டும். தங்குவது மேட்டின் மேல், பேராலயத்துக்குப் பக்கத்திலேயே. வெள்ளி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஊரைப் பற்றி ஓர் உரை. சனிக்கிழமை பேராலயம், கோட்டை. ஞாயிறு ரோமானிய மிச்சங்களும் விமானப்படை நினைவிடமும். கடைசிவரை ஒரே வழிகாட்டி கூட வருவாராம்.

நாமே ரயில் பிடித்துப் போவதைவிடச் செலவு நன்றாகவே கூடுகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி. இரண்டு பேரும் சைவம். இந்தக் குளிரில் இது சரிப்படுமா, பணத்துக்கு மதிப்பு இருக்குமா? போனவர்கள் சொல்லுங்கள்.

#2 மேட்டுத்தெரு

வாசன் தம்பி, நான் லிங்கனில்தான் பல வருடமாக இருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்த ஊரைப் பார்க்கக் குளிர்காலம்தான் சரியான காலம்.

காரணம் வெளிச்சம். ஜனவரிக் கடைசியில் இங்கே நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரி ஏறாது. வெயில் ஏறக்குறையப் படுக்கையாகவே வரும். சிலுவை வடிவில் கட்டிய பேராலயத்தின் தெற்குக் கையில், உயரத்தில், பிஷப்ஸ் ஐ என்று ஒரு பெரிய வட்டச் சாளரம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கல்வேலை. இலை நரம்புகள்போல வளைந்து வளைந்து போகும். அதிலுள்ள கண்ணாடி ஒரே படமாக இல்லை. உடைந்துபோன பழைய சாளரங்களின் துண்டுகளைச் சேர்த்து நிரப்பியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மேகம் விலகினால் அதன் வழியாக வரும் நிறங்கள் ஆலயத்தின் நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கக் கல்லில் போய் விழும். கோடையில் சூரியன் உச்சியில் இருக்கும்போது அவ்வளவு தூரம் போகாது.

ஆனால் பகல் சின்னது. எட்டு மணி வாக்கில்தான் விடியும், நாலரை தாண்டியதும் இருட்டு. அதனால் எதை எப்போது பார்ப்பது என்ற திட்டம் கோடையைவிட இங்கே முக்கியம். நல்ல வழிகாட்டி இருந்தால் பிரயோசனம் அங்கேதான்.

இன்னொன்று, லிங்கனில் எதற்குமே நேரான கதை கிடையாது. பேராலயத்தையே பாருங்கள். நார்மன் காலத்துப் பேராயர் ரெமிஜியஸ் 1072இல் தொடங்கி 1092இல் முடித்தது முதல் கட்டடம். 1185இல் நிலநடுக்கம் வந்து அதன் பெரும்பகுதி போயிற்று. மறு வருடம் ஹ்யூ என்ற பிரெஞ்சுத் துறவி பேராயராக வந்து, 1192இல் புதிதாகக் கட்டத் தொடங்கினார். அவர் 1200இல் இறந்த பிறகும் வேலை நிற்கவில்லை. பிறகு நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்டி 1311இல் மேலே மரத்தாலான கூர்முடி வைத்தார்கள். அந்த முடியோடு 160 மீட்டர் இருந்ததாகச் சொல்கிறார்கள். அது உண்மையானால் எகிப்தின் பெரிய பிரமிடைவிட உயரம். 1548இல் அந்த முடி விழுந்துவிட்டது. திரும்ப வைக்கவே இல்லை. இன்று நிற்கும் நடுக்கோபுரம் சுமார் 83 மீட்டர்.

இத்தனையும் ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. முன்முகப்பில் ஆழமான வட்ட வளைவுகள் மூன்று தெரியும். அவை நிலநடுக்கத்துக்குத் தப்பிய நார்மன் பகுதி. அவற்றைச் சுற்றி விரிந்து நிற்கும் கூர்வளைவு வரிசைகள் 13ஆம் நூற்றாண்டு. யாராவது விரலை நீட்டிக் காட்டும்வரை இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். காட்டிய பிறகு ஒன்றாகத் தெரியாது.

உங்கள் அம்மா வரலாறு படித்தவர் என்றால் தயங்காமல் போங்கள்.

#3 தனிவழி

மேட்டுத்தெரு அக்கா சொன்ன அழகு எல்லாம் சரி. ஆனால் அதற்கு நிறுவனம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

பேராலயத்திலேயே தன்னார்வ வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நுழைவுச் சீட்டிலேயே உள்ளே சுற்றிக்காட்டுவதும் சேர்த்தி. அவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள், பல வருடம் அதையே படித்தவர்கள். கூரைக்கு மேலே கூட்டிப் போகும் சுற்று தனி. அதற்கு முன்பதிவு வேண்டும், சுழல்படி ஏற வேண்டும். கோட்டைக்குள் ஒலிக்கருவி கிடைக்கும். ரயிலும் சிக்கல் இல்லை. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேர் வண்டியில் சுமார் இரண்டு மணி நேரம். நேர் வண்டி இல்லாத நேரத்தில் நியூவார்க்கில் மாறலாம். லெஸ்டரிலிருந்து உங்களுக்குக் காரே போதும்.

குழுவோடு போனால் எல்லாவற்றையும் அவர்கள் கடிகாரம் தீர்மானிக்கும். அம்மா ஒரு சிற்பத்தின் முன்னால் அரை மணி நேரம் நிற்க ஆசைப்பட்டால் நிற்க முடியாது. அப்பாவுக்குக் கால் வலித்தால் இருபது பேர் காத்திருக்க வேண்டும். அந்தச் சங்கடத்திலேயே அவர் வலியை மறைத்துக்கொண்டு நடப்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தானே? மிச்சமாகும் பணத்தில் மேட்டின் மேலேயே நல்ல அறையாக எடுங்கள். பாதி வலி அதிலேயே தீரும்.

#4 ஊஸ்கரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லிங்கன்தான் என்று முடிவாகிவிட்டதா? முழங்கால் வலி என்றதும் எனக்கு யோர்க்தான் தோன்றியது. ஊர் சமதளம். மின்ஸ்டர் என்ற பேராலயத்தின் கிழக்குச் சாளரம் ஒன்றுக்கே போகலாம்: 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்பவர் பொறுப்பில் செய்தது, 300க்கும் மேற்பட்ட படக்கட்டங்கள். உலகம் உண்டானதில் தொடங்கி அது முடிவது வரை வரைந்திருக்கிறார்கள். கண்ணாடி முழுவதையும் கழற்றிச் சீர்செய்து 2018இல்தான் வேலை முடிந்தது. மழை பெய்தால் ரயில் அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம், கட்டணமும் இல்லை.

#5 மேட்டுத்தெரு

ஊஸ்கரை, யோர்க்கைக் குறைசொல்ல மாட்டேன். அந்தச் சாளரத்தின் முன் நானும் நெடுநேரம் நின்றிருக்கிறேன். ஆனால் வாசனின் அம்மா கேட்டது கூட்டம் இல்லாத ஊர். யோர்க்கில் சனிக்கிழமை என்றால் ஜனவரியிலும் ஷாம்பிள்ஸ் தெருவில் தோளோடு தோள் உரசும். குளிர்காலத்தில் ஊஸ் ஆறு கரை மீறுவதும் அடிக்கடி நடப்பது. ஆற்றோரப் பாதைகள் மூடிவிடும்.

தனிவழி சொன்னதற்கு வருகிறேன். பேராலய வழிகாட்டிகள் நல்லவர்கள் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. நான் விருந்தாளிகளை அனுப்புவதே அவர்களிடம்தான். ஆனால் அவர்கள் பொறுப்பு ஆலயத்தின் வாசலோடு முடிகிறது. லிங்கனை விளங்கிக்கொள்ள வாசலுக்கு வெளியே வர வேண்டும். கோட்டைக்கும் ஆலயத்துக்கும் நடுவே சில நிமிட நடைதான். ரோமானியர் தங்கள் படைமுகாமைப் போட்ட அதே மேட்டில்தான் வில்லியம் மன்னர் 1068இல் கோட்டை கட்டினார். அதற்காக 166 வீடுகள் போயின என்று டூம்ஸ்டே கணக்கேடு சொல்கிறது. அந்தக் கோட்டையின் நிழலில்தான் ரெமிஜியஸ் ஆலயத்தைக் கட்டினார். இந்தத் தொடர்பைக் கோட்டை ஒலிக்கருவி ஒரு பக்கமும் ஆலய வழிகாட்டி மறுபக்கமும் சொல்வார்கள். நடுவே நடந்துகொண்டே சேர்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

வாசன், பணம் கட்டும் முன் நிறுவனத்தைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். வழிகாட்டி தகுதிச் சான்று பெற்றவரா, அல்லது வண்டியோடு வரும் ஒருங்கிணைப்பாளர்தான் பேசுவாரா? ஆலயத்துக்குள் எத்தனை மணி நேரம்? சனிக்கிழமை மாலை ஆராதனைக்கு நேரம் விட்டிருக்கிறார்களா? ஆலயத்துக்குள் ஒரு மணி நேரம்தான் என்றால் வேண்டாம், தனிவழி சொன்னபடி செய்யுங்கள். இரண்டரை, மூன்று மணி நேரம் என்றால் எடுங்கள்.

#6 வல்லைவெளி

தம்பி, நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன ஆள். நடைமுறை விஷயம் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கோ.

ஸ்டீப் ஹில் என்ற தெருவைப் பெரியவர்களோடு கீழேயிருந்து ஏற வேண்டாம். கல் பாவிய தெரு, ஓரத்தில் பிடித்து ஏறக் கம்பி வைத்திருக்கிற அளவுக்குச் செங்குத்து. பனி உறைந்த காலையில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. மேலே தங்கி, மேலே உள்ளதைப் பார்த்து, கீழே போக வேண்டுமென்றால் டாக்சி எடுங்கோ. அந்தத் தெருவின் அழகை மேல் முனையில் நின்று பார்த்தாலே போதும்.

அடிப்பாகம் பிடிமானமுள்ள சப்பாத்து கட்டாயம். ஆலயத்துக்குள்ளும் குளிர் இருக்கும். அவ்வளவு பெரிய கல் மண்டபத்தை யாரும் வீடுபோலச் சூடாக்க முடியாது. வெளியே நடக்கும்போது உடம்பு சூடாகிவிடும், உள்ளே நின்று கேட்கும்போதுதான் குளிர் காலிலிருந்து ஏறும். கம்பளிக் காலுறை இரண்டு சோடி. மடித்துக் கொண்டுபோகும் சின்ன நாற்காலி ஒன்று அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கோ, விலை அதிகமில்லை. அம்மாவுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

சாப்பாடு: அந்தப் பகுதியின் பேர்போன சாப்பாடெல்லாம் பன்றி இறைச்சிதான். சேஜ் இலை போட்ட சொசேஜ், ஹாஸ்லெட், அப்படியானவை. சைவக்காரருக்கு லிங்கன்ஷயர் போச்சர் என்ற கட்டிச் சீஸ் நல்ல ருசி. ஆனால் கடுமையாகச் சைவம் பார்ப்பவர்கள் எந்தச் சீஸ் என்றாலும் ரென்னெட் (பாலை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது) விஷயம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிளம் பிரெட் என்று ஒரு இனிப்பு ரொட்டி தேநீரோடு தருவார்கள். அதைப் பழைய முறையில் செய்தால் பன்றிக் கொழுப்பு சேரும். கேட்காமல் அப்பா அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம்.

#7 ஏட்டுச்சுவடி

ஒரு விஷயத்தை யாரும் இன்னும் தொடவில்லை. எந்த வழிகாட்டியை எடுத்தாலும் 1255ஐப் பற்றி அவர் பேசுகிறாரா என்று பாருங்கள்.

அந்த வருடம் ஹ்யூ என்ற சிறுவன் காணாமல் போய், பிறகு ஒரு கிணற்றில் உடல் கிடைத்தது. யூதர்கள்தான் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று கதை கட்டினார்கள். மூன்றாம் ஹென்றி மன்னரே வந்து தலையிட்டார். கோப்பின் என்பவரை லிங்கனிலும், இன்னும் 18 பேரை லண்டனிலும் தூக்கிலிட்டார்கள். சிறுவனைத் தியாகி என்று ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்து, நூற்றாண்டுகளாக அந்தக் கதையைப் பாட்டாகவும் பாடினார்கள். எல்லாம் பொய். அழகான கண்ணாடியையும் வளைவையும் மட்டும் காட்டி இதைத் தாண்டிப் போகிறவரை நான் நல்ல வழிகாட்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#8 மேட்டுத்தெரு

ஏட்டுச்சுவடி, எழுதியதற்கு நன்றி. நல்ல வழிகாட்டிகள் அதைத் தாண்டிப் போவதில்லை. தெற்குப் பக்க நடையில் அந்தச் சமாதியின் மிச்சம் இருக்கிறது. பக்கத்திலேயே, இந்தக் கதைகள் பொய், இவற்றால் எத்தனையோ அப்பாவி யூதர்களின் உயிர் போயிற்று, இது கிறிஸ்தவத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல என்ற பொருளில் ஆலயமே அறிவிப்பு வைத்திருக்கிறது. நின்று படிக்க வேண்டிய இடம் அது.

அதையும் தனியாகப் பார்த்தால் போதாது. பேராயர் ஹ்யூவைப் பற்றி மேலே சொன்னேனே, 1190இல் நாடெங்கும் யூதர்களைத் தாக்கியபோது இங்கே அவர் கும்பலை எதிர்த்து நின்றார். பத்து வருடம் கழித்து அவர் உடலை ஊருக்குள் கொண்டுவந்தபோது யூதர்களும் அழுதுகொண்டே கூட வந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் இரண்டு தலைமுறை தாண்டும் முன் அதே பெயருள்ள சிறுவனை வைத்து இந்தக் கொடுமை. 1290இல் முதலாம் எட்வர்ட் நாட்டிலிருந்த யூதர்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார். அந்த வருட இறுதியில் அவர் மனைவி எலினோர் லிங்கனுக்குப் பக்கத்திலுள்ள ஹார்பியில் இறந்தார். உடலை லண்டனுக்குக் கொண்டுபோகும் முன் குடல் முதலான உள்ளுறுப்புகளை இந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். ஊர்வலம் தங்கிய இடங்களில் மன்னர் சிலுவைத் தூண்கள் எழுப்பினார் என்று பள்ளிப் புத்தகத்தில் வரும். மனைவிக்காக அவர் அழுத கதையைச் சொல்பவர்கள் அதே வருடம் அவர் விரட்டியவர்களையும் சொல்ல வேண்டும். ஸ்டீப் ஹில் அடிவாரத்தில் 12ஆம் நூற்றாண்டு நடுவில் கட்டிய கல்வீடு இன்னும் நிற்கிறது. ஜ்யூஸ் ஹவுஸ் என்றுதான் அதை இன்றும் அழைக்கிறார்கள்.

#9 தனிவழி

இதைப் படித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இப்படிப் பேசக்கூடிய வழிகாட்டி என்றால் நானும் பணம் கொடுப்பேன். ஆனால் நிறுவனம் யாரை அனுப்பும் என்று தெரியாது என்பதுதான் என் பயம். அதனால் அக்கா சொன்ன முதல் கேள்வியை விடாதீர்கள்.

தேடி வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: பழைய கட்டுரைகளில் லிங்கன் கிறிஸ்துமஸ் சந்தை என்று இன்னும் இருக்கிறது. 1982இல் தொடங்கிய பெரிய சந்தை. கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால் 2023இல் நகரசபை நிறுத்திவிட்டது. அதற்காக டிசம்பரில் அறை போடாதீர்கள்.

#10 நாஞ்சில் வாசன்

எல்லோருக்கும் நன்றி. நிறுவனத்தில் பேசினேன். வழிகாட்டி சான்று பெற்றவர், அந்த மாவட்டத்துக்காரர். ஆலயத்துக்குள் காலை முழுவதும். மாலை ஆராதனைக்கு விருப்பப்பட்டவர்கள் போகலாம், நேரம் விட்டிருக்கிறார்கள். பதிவு செய்துவிட்டேன்.

ஒரு கேள்வி. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அந்த ஆராதனைக்குள் போய் உட்கார்வது முறையா? எழுந்து நிற்பது, மண்டியிடுவது எல்லாம் எங்களுக்குத் தெரியாதே.

#11 ஆல்ட்டோ குரல்

தாராளமாகப் போங்கள். நான் சி.எஸ்.ஐ. சபையில் பாடி வளர்ந்தவள், இங்கே வந்த பிறகு ஊர் ஊராகப் போய் இந்த ஆராதனையைக் கேட்பது என் வழக்கம். ஆங்கிலப் பேராலயங்களில் மாலை ஆராதனைக்கு யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. முக்கால் மணி நேரம் ஆகும். பெரும்பகுதியைப் பாடகர் குழுவே பாடும். நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எழும்போது எழுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். அப்பாவுக்கு முடியாவிட்டால் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். நேரம் நாளுக்கு நாள் மாறும், பாடகர்களுக்குப் பள்ளி விடுமுறை என்றால் பாட்டில்லாமலும் இருக்கும், அதனால் ஆலயத்தின் இணையதளத்தில் அந்த வார அட்டவணையைப் பாருங்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போனால் பாடகர் பகுதிக்குள்ளேயே, 14ஆம் நூற்றாண்டு மர இருக்கைகளில் இடம் கிடைக்கும்.

அமைப்பு எளிது. சங்கீதம் ஒன்றோ இரண்டோ, பழைய ஏற்பாட்டு வாசிப்பு, மரியாளின் பாட்டு, புதிய ஏற்பாட்டு வாசிப்பு, சிமியோனின் பாட்டு, ஜெபங்கள், கடைசியில் ஒரு தனிப்பாடல். 1549இல் வந்த ஜெபப் புத்தகத்திலிருந்து இந்த ஒழுங்கு தொடர்கிறது.

லிங்கனில் கேட்பதற்கு இன்னொரு காரணம் வில்லியம் பர்ட். இங்கிலாந்தின் மிகப் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். 1563இல் இளைஞனாக இங்கேதான் ஆர்கன் வாசிக்கவும் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவும் வேலைக்குச் சேர்ந்தார். 1569இல் ஆலய நிர்வாகம் அவர் சம்பளத்தையே நிறுத்தி வைத்தது. அவர் வாசிப்பு வழிபாட்டுக்கு மிதமிஞ்சிப் போயிற்று என்பதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 1572இல் லண்டனுக்கு, அரசவை இசைக்குழுவுக்குப் போய்விட்டார். சம்பளத்தை நிறுத்திய அதே ஆலயத்தில் இன்றைக்கு அவர் பாடல்களைப் பாடுகிறார்கள். அட்டவணையில் அவர் பெயர் இருந்தால் அந்த நாளைத் தவற விடாதீர்கள்.

#12 நாஞ்சில் வாசன்

போய் வந்துவிட்டோம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

வழிகாட்டி அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. முன்முகப்பின் முன் எங்களை நிறுத்தி ஒரு வார்த்தையும் சொல்லாமல், எது பழசு எது புதுசு என்று நீங்களே பிரியுங்கள் என்றார். மேட்டுத்தெரு அக்கா இங்கே எழுதியதை அம்மா படித்திருந்ததால் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டார். அதிலிருந்து வழிகாட்டி அம்மாவிடம் ஒரு சக ஆசிரியரிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தார்.

உள்ளே நேராகப் பாடகர் பகுதிக்குப் போனோம். அங்கே தலைக்கு மேலே உள்ள வளைவுக்கூரையைக் காட்டினார். வழக்கமாக அந்த மாதிரிக் கூரையில் கல் விலாக்கள் நாலு மூலையிலிருந்தும் வந்து நடுவில் ஒரே புள்ளியில் சேரும். இங்கே சேரவில்லை. நடுக்கோட்டில் இரண்டு வேறு வேறு இடங்களில், தள்ளித் தள்ளிப் போய் முட்டுகின்றன. அண்ணாந்து பார்த்தால் கூரை ஒரு பக்கமாக நகர்வது போல இருக்கிறது. கூரையைத் தாங்க அத்தனை விலா தேவையே இல்லை, கண்ணுக்காக விலாவைச் சேர்க்கலாம் என்று துணிந்த ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று. இதற்குப் பிறகுதான் ஆங்கிலேயர்கள் விசிறிபோல விரியும் கூரைகள்வரை போனார்கள் என்று அவர் விளக்கினார். அப்பா ஒரு கட்டுமானப் பொறியாளர். வல்லைவெளி அண்ணை சொன்ன நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, பளு எந்த வழியாக இறங்குகிறது என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். வழிகாட்டி ஒன்றுக்கும் சலிக்கவில்லை. குழுவில் மற்றவர்களும் அந்தக் கேள்விகளுக்காகவே கூடி நின்றார்கள். தனிவழி, நீங்கள் பயந்ததுபோல அப்பாவுக்காக யாரும் பொறுமை இழக்கவில்லை.

தேவதைகள் மண்டபம் 1256இல் தொடங்கி 1280இல் முடிந்தது. பேராயர் ஹ்யூவின் சமாதியைத் தரிசிக்க வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல்தான் கிழக்குப் பக்கம் நீட்டியிருக்கிறார்கள். சுவரில் உயரத்தில் இறக்கை விரித்த தேவதைகள். கல் என்னவோ உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல். நடுநடுவே ஒல்லியாகக் கறுத்த தூண்கள் டார்செட்டிலிருந்து வந்த பர்பெக் கல். வேலை இன்றும் தொடர்கிறது: ஆலயத்துக்கென்று சொந்தக் கல்குவாரியும் சொந்தக் கல்தச்சர்களும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு இதுதான் பிடித்த செய்தி.

1255 விஷயம்: சொன்னார். அறிவிப்பை எங்களையே படிக்கச் சொல்லிவிட்டு, படித்து முடிக்கும்வரை பேசாமல் நின்றார். பிறகு இறந்த 19 பேரைப் பற்றிச் சொன்னார்.

குறையும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு நிறுவனம் ஏற்பாடு செய்த இடத்தில் பரிமாறவே நெடுநேரம் ஆனது. சைவம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தும் எங்களுக்கு வந்தது வேகவைத்த காய்கறியும் உருளைக்கிழங்கும். இருட்டுவதற்குள் கோட்டை பார்க்க வேண்டிய நாளில் வெளிச்ச நேரத்தை மேசையில் உட்காரவைத்துத் தின்றுவிட்டார்கள். குளிர்காலப் பயணம் நடத்துபவர்கள் மதியத்துக்கு சூப்பும் ரொட்டியும் கொடுத்து, நிறைவான சாப்பாட்டை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்துக்கும் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கோட்டை மதில்மேல் காற்று தாங்க முடியவில்லை. அப்பாவை ஏற விடவில்லை. அம்மா பாதி தூரம் வந்தார். அங்கே நின்றுதான் வழிகாட்டி நிக்கோலா டி லா ஹேயைப் பற்றிச் சொன்னார். 1217இல் பிரெஞ்சு இளவரசன் பக்கம் சேர்ந்த படை லிங்கன் நகரத்தைப் பிடித்துக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அறுபது வயது தாண்டிய இந்தப் பெண்தான் கோட்டைத் தலைவி. மன்னர் தரப்புத் தளபதி வில்லியம் மார்ஷல் படையோடு வந்து சேரும்வரை விட்டுக்கொடுக்கவில்லை. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த மாக்னா கார்ட்டா சாசனத்தை இத்தனை வருடம் வகுப்பில் நடத்தியும் இந்தப் பெயரை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லையே என்று அம்மாவுக்கு ஆதங்கம்.

அந்த மாக்னா கார்ட்டாவும் கோட்டைக்குள்தான் இருக்கிறது. 1215இல் எழுதிய பிரதிகளில் மிஞ்சிய நான்கில் ஒன்று. மங்கலான வெளிச்சத்தில் சின்ன எழுத்தாக, நாங்கள் நினைத்ததைவிடச் சிறிய தோல். பக்கத்தில் 1217ஆம் வருடக் காட்டுச் சாசனம். விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் சாதாரணக் குடிகளுக்கு இருந்த உரிமையைப் பேசுவது. அதன் மூலப் பிரதிகளில் இன்று மிஞ்சியவை இரண்டு, இன்னொன்று டர்ஹமில். அம்மா மாக்னா கார்ட்டாவைவிட இதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். இரண்டாம் உலகப் போரின்போது இந்த மாக்னா கார்ட்டா அமெரிக்காவில் ஃபோர்ட் நாக்ஸில் பத்திரமாக இருந்ததாம்.

மாலை ஆராதனைக்கு நாங்கள் மூவரும் போனோம். ஆல்ட்டோ குரல், நீங்கள் சொன்னபடியே மர இருக்கையில் இடம் கிடைத்தது. அன்று பர்ட் இல்லை. ஆனால் காலையில் நாங்கள் பார்த்த அதே கோணல் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, பையன்களும் பெண்பிள்ளைகளும் பாடுவதைக் கேட்டோம். வார்த்தை பல எனக்கே புரியவில்லை. குரல் கல்லில் பட்டுத் திரும்பி வரும்வரை அடுத்த வரியைத் தொடங்காமல் காத்திருந்து பாடுகிறார்கள். அப்பா இதைக் கவனித்துச் சொன்னார்.

ஞாயிறு காலை நியூபோர்ட் வளைவு. ரோமானியர்கள் கட்டிய வடக்கு வாசல். இன்றும் அதன் அடியில் கார்கள் போகின்றன. 1964இல் ஒரு லாரி மோதிச் சேதப்படுத்தி, பிறகு சரிசெய்தார்கள். அதன் பிறகு விமானப்படை நினைவிடம், 2018இல் திறந்தது. மேலே எழும் கம்பம் 31 மீட்டர் சொச்சம். லாங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் இரண்டு இறக்கை முனைகளுக்கும் நடுவே உள்ள அதே நீளம். சுற்றிலும் இரும்புச் சுவர்களில், இரண்டாம் உலகப் போரில் உயிர்விட்ட குண்டுவீச்சுப் படையினர் ஏறக்குறைய 58,000 பேரின் பெயர்கள். அந்தப் போரில் இரவில் குண்டுவீசிவிட்டுத் திரும்பிய விமானிகளுக்கு எதிர்மேட்டில் தெரிந்த பேராலயம்தான் ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அங்கே நின்று பார்த்தால் அது உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது. குண்டு விழுந்த ஊர்களில் இறந்தவர்களைப் பற்றியும் கண்காட்சியில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

#13 தனிவழி

அருமையாக எழுதினீர்கள் வாசன். மறுபடியும் போவதென்றால் நிறுவனத்தோடு போவீர்களா?

#14 நாஞ்சில் வாசன்

அந்த வழிகாட்டி வருவாரென்றால் போவேன். இல்லையென்றால் நீங்கள் சொன்ன வழி, ஒரு மாற்றத்தோடு: அறையும் வண்டியும் நாமே பார்த்துக்கொண்டு, சான்று பெற்ற வழிகாட்டி ஒருவரைச் சனிக்கிழமைக்கு மட்டும் தனியாக அமர்த்திக்கொள்ளலாம். இரண்டு குடும்பம் சேர்ந்தால் செலவு அதிகம் வராது. இந்த யோசனையை எனக்குச் சொன்னதே அந்த அம்மையார்தான்.

#15 கீழைக்காற்று

இழை முழுவதும் படித்தேன். எங்கள் வீட்டில் ஏழு வயதும் பத்து வயதும். பிப்ரவரி விடுமுறையில் லிங்கன் போகலாமா, இல்லை அவர்களுக்குச் சலிப்பாக இருக்குமா?

#16 மேட்டுத்தெரு

கூட்டி வாருங்கள் கீழைக்காற்று. இரண்டரை மணி நேரச் சுற்று மட்டும் அந்த வயதுக்கு வேண்டாம். தேவதைகள் மண்டபத்தின் வடக்குப் பக்கம் இரண்டு வளைவுகளுக்கு நடுவே உயரத்தில் ஒரு குட்டிச் சாத்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆலயத்துக்குள் அட்டகாசம் செய்ததற்காகத் தேவதை கல்லாக்கிவிட்டது என்று கதை. அதை முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று சொல்லி விடுங்கள். பேராயர் ஹ்யூவின் உருவத்தோடு எப்போதும் ஓர் அன்னம் இருக்கும், அதையும் தேடச் சொல்லுங்கள். கோட்டைக்குள் விக்டோரியா காலச் சிறை இருக்கிறது. கைதிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி தனித்தனிப் பெட்டிகளாகத் தடுத்த சிற்றாலயம் அதிலேயே இருக்கிறது. பத்து வயதுக்கு அது நன்றாகவே புரியும். மதில்மேல் நடப்பதற்குக் காற்றில்லாத நாளாகப் பாருங்கள்.

பேராலயத்தில் பட்டமளிப்பு விழாக்களும் கச்சேரிகளும் நடக்கும். அந்த நாட்களில் நடுமண்டபத்துக்குள் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். அறை போடும் முன் ஆலயத்தின் நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.